அழகும் பயன்பாடும்: செல்வர் மனைகளை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

மனிதன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது வீட்டின் உள்ளேயாகும். ஓவியத்தைக் காண்பதற்கு ஓவியக்கூடத்திற்குச் செல்கின்றோம். இசையைக் கேட்பதற்கு அரங்கிற்குச் செல்கின்றோம். விரும்பாதபோது எழுந்து வந்துவிடவும் முடிகின்றது. வீட்டின் உள்ளமைப்போ அவ்வாறானதன்று. அதன் நடுவிலேயே உண்கின்றோம், உறங்குகின்றோம், நோயுற்றுக் கிடக்கின்றோம். ஆகவே, அழகு வாழ்க்கையோடு எவ்வகையில் தொடர்புறுகின்றது என்னும் வினாவை ஆராய்வதற்கு வீட்டினைப்போலத் தகுந்த களம் பிறிதொன்றில்லை எனலாம். இவ்வினா வறியவன் குடிசையிலும் எழக்கூடியதே. எனினும் அங்கே பொருள் முட்டுப்பாடு தெரிவுக்கு அதிக இடமளிப்பதில்லை. வேண்டியதை வேண்டியவாறு அமைத்துக்கொள்ளும் வசதி படைத்தோரின் மனையிலேதான், அழகையும் பயன்பாட்டையும் எவ்வாறு இணைப்பது என்னும் பிரச்சினை தன் முழு வடிவில் வெளிப்படுகின்றது.

இதற்கு வழக்கமாகக் கூறப்படும் விடை 'சமநிலை' என்பதாகும். அழகை ஒரு தட்டிலும் பயன்பாட்டை மறுதட்டிலும் இட்டு, இரண்டும் நேராக நிற்கும்வரை கூட்டியும் குறைத்தும் கொள்ளுதல் வேண்டும் என்பர். இவ்விடை நியாயமானதாகத் தோன்றினும் இரண்டு எடுகோள்களை ஆராயாமலே ஏற்றுக்கொண்டுவிடுகின்றது. ஒன்று, அழகும் பயனும் தம்முள் வேறானவை என்பது. மற்றையது, பயன் என்பது வீட்டிலுள்ள அனைவருக்கும் ஒன்றே என்பது. முதலாவது எடுகோள் மெய்யியலாளரிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. இரண்டாவது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆயின், அவ்விரண்டாவது எடுகோளே செல்வர் மனையின் அழகு பற்றிய வினாவை ஓர் அறவியல் வினாவாக மாற்றுகின்றது என்பது இக்கட்டுரையின் துணிபு.

மெய்யியலாளர் கண்ட மனை

சோக்கிரதீஸ் பற்றிச் செனோபன் எழுதிய நினைவுகளில் அழகு குறித்த உரையாடல் ஒன்று இடம்பெறுகின்றது. ஒரு பொருள் எத்தொழிலுக்காக அமைந்ததோ அத்தொழிலுக்குப் பொருந்துமாயின் அது அழகியது. பொருந்தாதாயின் அழகற்றது என்பதே அங்கே சோக்கிரதீஸின் நிலைப்பாடு. சாணம் சுமக்கும் கூடையும் தன் தொழிலுக்கு ஏற்றதாயின் அழகியதே. பொன்னாலான கேடயமும் ஏற்றதன்றாயின் அழகற்றதே. வீட்டையும் அவர் இவ்வளவுகோல் கொண்டே அளக்கின்றார். குளிர்காலத்தில் வெயிலை உள்ளே விடுவதும் கோடையில் நிழல் தருவதுமாக அமைந்த வீடே வாழ்வதற்கு இனியது. ஆதலின் அதுவே அழகியதுமாகும். இந்நோக்கில் அழகுக்கும் பயனுக்கும் இடையே சமநிலை காணவேண்டிய தேவையே எழுவதில்லை. ஏனெனில் அவை இரண்டல்ல, ஒன்றே.

இதற்கு நேரெதிரான இடத்தில் நிற்பவர் இமானுவேல் கான்ற். 1790ஆம் ஆண்டில் வெளிவந்த, தீர்ப்பாற்றல் பற்றிய தமது விமரிசன நூலில், அழகு பற்றிய தீர்ப்பு எவ்வித நலநாட்டமும் கலவாததாக இருத்தல் வேண்டும் என அவர் நிறுவுகின்றார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு மாளிகை என்பது ஈண்டு நோக்கற்பாலது. இம்மாளிகை அழகியதா என ஒருவர் என்னை வினவும்போது, வெறுமனே வாய்பிளந்து பார்ப்பதற்காக அமைந்த இத்தகைய பொருள்களை நான் விரும்புவதில்லை என விடை கூறலாம். ரூசோவின் வழிநின்று, மக்களின் வியர்வையைத் தேவையற்ற பகட்டுக்காகச் செலவிடும் பெரியோரின் வீண்பெருமையைக் கண்டிக்கவும் செய்யலாம். இவை யாவும் ஏற்கத்தக்கனவே; ஆனால் கேட்கப்பட்ட வினா இதுவன்று என்கிறார் கான்ற். மாளிகையின் தோற்றம் மட்டும் என் உள்ளத்தில் மகிழ்ச்சியை எழுப்புகின்றதா என்பதே வினா.

கான்ற் கூறியதில் உண்மை இல்லாமலில்லை. கொடுங்கோலன் ஒருவன் கட்டிய மண்டபமும் அழகாக இருத்தல் கூடும். அதனை மறுப்பது கண்ணை மூடிக்கொள்வதாகும். எனினும் அதே நூலின் பிற்பகுதியில் அவர் அழகைச் சுயாதீனமானது, சார்புடையது என இருவகைப்படுத்துகின்றார். பூவின் அழகு முதல்வகையைச் சார்ந்தது. கட்டடத்தின் அழகோ இரண்டாவது வகையைச் சார்ந்தது; அக்கட்டடம் எதற்காக எழுந்தது என்னும் கருத்தை முன்கொண்டே அதனை மதிப்பிடமுடியும். ஆகவே வீட்டின் நோக்கம் வாழ்தல் எனக் கொண்டால், 'யார் வாழ்தல்' என்னும் வினா தானாகவே எழுகின்றது. முன்வாசலில் கான்ற் ஒதுக்கிவைத்த 'வியர்வை' பின்வாசல் வழியாக வீட்டினுள்ளே மீண்டும் புகுந்துவிடுகின்றது.

கண்ணாடி வீடு

அழகும் பயனும் வெளிப்படையாகவே மோதிக்கொண்ட ஒரு வீட்டை முதலில் நோக்குவோம். ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், பொக்ஸ் ஆற்றின் கரையிலே, எடித் பார்ன்ஸ்வேர்த் என்னும் மருத்துவருக்காக மீஸ் வான் டெர் றோ வடிவமைத்த ஓய்வில்லம் 1951இல் நிறைவுற்றது. எட்டு உருக்குத் தூண்கள். நிலத்திலிருந்து 5 அடிக்கு மேலே மிதப்பதுபோல் நிற்கும் தளம். நாற்புறமும் தளம் முதல் கூரை வரை கண்ணாடி. நடுவே குளியலறை முதலியவற்றை உள்ளடக்கிய மரக்கூடு. உள்ளே இருப்பவருக்கு மரங்களும் ஆறும் பனியும் வீட்டின் சுவர்களாகவே அமைகின்றன. இருபதாம் நூற்றாண்டுக் கட்டடக்கலையின் உன்னதப் படைப்புகளுள் ஒன்றாக இது போற்றப்படுவது மிகையன்று.

ஆயினும் அங்கே வாழ முற்பட்ட அம்மையார் கண்டது வேறு. கோடையில் கண்ணாடிக்குள் வெப்பம் தேங்கியது. குளிர்காலத்தில் கண்ணாடியில் நீர் துளித்து வடிந்தது. திறக்கக்கூடிய சாளரங்கள் இரண்டே. இரவில் ஏற்றிய விளக்கு பூச்சிகளைத் திரட்டியது. ஆடைகளைத் தொங்கவிடுவதற்கு ஓர் அலுமாரி பெறுவதற்கும் அவர் வாதாட வேண்டியிருந்தது. செலவு பற்றிய பிணக்கு நீதிமன்றம்வரை சென்றது. 1953இல் சஞ்சிகையொன்றில் வெளியான அவரது முறையீடுகளுள் ஒன்று நம் சிந்தனைக்குரியது. வீதியிலிருந்து பார்ப்போருக்குத் தெரியும் என்பதனால், சமையலிடத்துக் கழுவுதொட்டியின் கீழே குப்பைக்கூடையைக்கூட வைக்க முடியவில்லை என்பதே அது. வாழ்க்கை குப்பையை உண்டாக்கும். அவ்வீட்டின் அழகோ குப்பையை அனுமதிக்கவில்லை.

அம்மையார் 1972இல் அவ்வீட்டை விற்றார். 1996இல் ஆற்று வெள்ளம் கண்ணாடிகளை உடைத்து உட்புகுந்தது. 2003இல் ஏறத்தாழ 75 இலட்சம் டொலருக்கு ஏலத்தில் வாங்கப்பட்டு, இன்று பார்வையாளருக்கான காட்சியிடமாக அது பேணப்படுகின்றது. இப்பொழுது அங்கே எவரும் சமைப்பதில்லை; எவரும் நோயுற்றுக் கிடப்பதில்லை. ஆகவே முரண்பாடும் மறைந்துவிட்டது. வீடாயிருத்தலைக் கைவிட்ட பின்னரே அவ்வீடு தன் அழகில் முழுமையடைந்தது எனலாம்.

மறைந்து நிற்கும் கைகள்

பார்ன்ஸ்வேர்த் அம்மையாரின் துன்பம் நமக்குத் தெரியவந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. அந்த வீட்டின் குப்பைக்கூடை பற்றி வீட்டுக்குரியவரே கவலைகொள்ள வேண்டியிருந்தது. அழகைத் தெரிந்தவரும் அதன் சுமையைத் தாங்கியவரும் ஒருவரே. பெரும்பாலான செல்வர் மனைகளில் நிலைமை அவ்வாறில்லை. அங்கே உரியவர் எவ்வித முரண்பாட்டையும் உணர்வதில்லை. முரண்பாடு தீர்க்கப்பட்டமையால் அன்று. அது வேறொருவரின் தோளுக்கு மாற்றப்பட்டமையாலேயே அவர் அதனை உணர்வதில்லை.

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் இம்மாற்றீடு ஒரு கட்டடக்கலைக் கோட்பாடாகவே வகுக்கப்பட்டது. றொபேட் கேர் 1864இல் வெளியிட்ட, கனவான்களின் இல்லம் பற்றிய நூலில், குடும்பத்தார் பகுதியும் ஏவலர் பகுதியும் ஒன்றற்கொன்று கண்ணுக்கும் செவிக்கும் எட்டாதவாறு பிரிக்கப்படல் வேண்டும் என விதிக்கின்றார். பின்படிக்கட்டுகளும் தனி வழிநடைகளும் இவ்விதியின் விளைவுகளே. நெருப்பு மூட்டப்பட்டிருக்கும், மூட்டியவர் தெரியமாட்டார். வெள்ளிப் பாத்திரம் ஒளிரும். துலக்கிய கை தெரியாது.

அவை பழங்கதைகள் என ஒதுக்குதல் இயலாது. இன்றைய கொழும்பின் வசதிமிக்க வீடுகள் பலவற்றில் இரண்டு சமையலறைகள் உண்டு. ஒன்று வரவேற்பறையிலிருந்து பார்க்கத்தக்கதாகப் பளபளக்கும் 'பான்றி'. அங்கே தேநீர் ஊற்றப்படும், அவ்வளவே. மற்றையது பின்புறத்திலுள்ளது. மீன் வெட்டுவதும் தேங்காய் துருவுவதும் தாளிப்பதும் அங்கேதான். முன்னதற்கு அழகு, பின்னதற்குப் பயன். இரண்டும் சமநிலையில் இருப்பதாக வீட்டு வரைபடம் காட்டும். ஆனால் ஒரு தட்டில் இருப்பவர் வேறு, மறுதட்டில் இருப்பவர் வேறு. மாடிமனைத் தொகுதிகளின் வரைபடங்களிலே அடுக்களைக்கு அப்பால் சின்னஞ்சிறு அறையொன்று பணிப்பெண்ணுக்கெனக் குறிக்கப்பட்டிருப்பதும் இதன் தொடர்ச்சியே.

பளிங்குத் தரையை எடுத்துக்கொள்வோம். பளிங்கு சுண்ணாம்புக்கல்லின் உருமாற்றமாகும். புளியோ தேசிக்காய்ச் சாறோ பட்டால் அமிலம் அதன் மெருகைத் தின்றுவிடும். நாள்தோறும் புளியும் தேசிக்காயும் புழங்கும் நம் நாட்டு வீட்டில் வெண்பளிங்கை விரிப்பவர், அதன் பின்னே துணியோடு நிற்கும் ஒருவரையும் சேர்த்தே விரிக்கின்றார். தோஸ்ரீன் வெப்ளன் 1899இல் வெளியிட்ட ஓய்வுகொள் வர்க்கம் பற்றிய நூலில், கையாற் செய்த வெள்ளிக் கரண்டியின் அழகு என நாம் எண்ணுவதில் பெரும்பங்கு அதன் விலையருமையே எனக் காட்டினார். அவரது வாதத்தை ஒருபடி மேலே கொண்டுசெல்லலாம். பேணுவதற்கு அரியதாயிருத்தலும் பகட்டின் ஒரு கூறாகிவிட்டது. எளிதில் அழுக்குறும் வெள்ளை இருக்கையின் உட்பொருள், 'இதனைத் துப்புரவாக வைத்திருக்க என்னிடம் ஆள் உண்டு' என்பதேயாகும்.

ஆக்கும் உழைப்பும் பேணும் உழைப்பும்

இங்கே ஓர் ஆட்சேபம் எழுதல் இயல்பு. செல்வர் ஆடம்பரத்தைக் கைவிடின் தச்சரும் கல்வேலைக்காரரும் நெசவாளரும் எவ்வாறு வாழ்வர்? உயர்ந்த கலைகள் பலவும் செல்வரின் ஆதரவிலேயே வளர்ந்தன அல்லவா? இவ்வாட்சேபம் வலியது. இதனை நன்குணர்ந்தவர் வில்லியம் மொறிஸ். பயனுள்ளது என அறியாததையோ அழகியது என நம்பாததையோ வீட்டில் வைத்திருத்தல் ஆகாது என 1880இல் விதி கூறியவர் அவர். பொதுமக்களுக்காகக் கலையை மீட்க விரும்பிய அவரது தொழிற்கூடம் செய்த திரைச்சீலைகளையும் தளபாடங்களையும் பெரும்பாலும் செல்வரே வாங்க முடிந்தது. இம்முரண்பாடு அவரை இறுதிவரை வருத்தியது. மொறிஸின் அச்சகத்துக்கு உரியதாயிருந்த பொறியிலேயே இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தமது நூலை 1908இல் அச்சிட்ட ஆனந்த குமாரசுவாமியும், கலைஞன் எனவும் தொழிலாளி எனவும் மனிதர் இருகூறாகப் பிரிந்தமையே நவீன காலத்தின் பெருங்கேடு எனக் கருதினார். அவர்கள் இருவரும் வற்புறுத்தியது ஆக்கும் உழைப்பின் மாண்பையாகும்.

ஆனால் வீட்டில் இன்னொருவகை உழைப்பும் உண்டு. அது பேணும் உழைப்பு. ஹன்னா ஆரென்ற் 1958இல் எழுதிய நூலில், நிலைத்த பொருளை ஆக்கும் வேலையையும், உயிர்வாழ்தலின் பொருட்டு ஓயாது திரும்பத் திரும்பச் செய்யப்பட்டு எச்சமின்றி மறையும் உழைப்பையும் வேறுபடுத்திக் காட்டினார். தச்சன் செதுக்கிய கதவில் தச்சன் எஞ்சி நிற்கின்றான். தன் பெயர் மறக்கப்படினும் தன் கை மறக்கப்படுவதில்லை. அக்கதவின் செதுக்கல் இடுக்குகளில் படியும் தூசியைக் காலைதோறும் துடைப்பவளின் உழைப்போ மறுநாட் காலையில் இல்லாதொழிகின்றது. கதவின் அழகு பற்றிப் பேசும் நூல்கள் தச்சனைப் புகழ்கின்றன. துடைப்பவளைப் பற்றிக் கூறுவதில்லை. ஆடம்பரம் தொழில் தருகின்றது என்னும் வாதம் முதலாவது உழைப்புக்குப் பொருந்தும் அளவுக்கு இரண்டாவதற்குப் பொருந்தாது. முன்னது ஒருவரின் ஆற்றலை வளர்க்கின்றது. பின்னது, கூலி கொடுக்கப்படினும், ஒருவரின் வாழ்நாளை எடுத்து இன்னொருவரின் பொருளுக்கு ஒளியூட்டுகின்றது.

நமது மனைகள்

பிறர் மனைகளைக் குறைகூறிவிட்டு நமது பழைய வீடுகளைப் போற்றி முடிப்பது எளிது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு போற்றுதற்குரியதே. நடுவே திறந்த முற்றம். அதனைச் சூழ்ந்து தாழ்வாரங்கள். வெளிச்சமும் காற்றும் முற்றத்தினூடாக உள்ளே வருகின்றன. நான்கு கூரைகளின் மழைநீரும் அங்கே வந்து விழுகின்றது. அழகைத் தருவது எதுவோ அதுவே குளிர்ச்சியையும் தருகின்றது. ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் பத்திக் கலைஞரான ஈனா டி சில்வாவுக்காகக் கொழும்பில் கட்டிய வீடும் முற்றத்தை நடுவாகக் கொண்டே எழுந்தது. அயல்நாட்டுக் கண்ணாடிப் பெட்டிகள் நாகரிகமெனக் கருதப்பட்ட காலத்தில், இந்நாட்டு மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ற அமைப்பிலிருந்தே செம்மையான அழகு பிறக்கக்கூடும் என அது காட்டிற்று. இங்கே காற்றும் மழையும் நிழலும் வேலை செய்கின்றன. அவற்றுக்குக் கூலியுமில்லை, களைப்புமில்லை. சோக்கிரதீஸ் கூறிய ஒருமை இங்கே பெரிதும் கைகூடுகின்றது.

ஆயினும் நாற்சார் வீட்டின் முழுக்கதை அதுவன்று. திண்ணையின் வழவழப்பைப் பாராட்டும்போது, அத்திண்ணையில் யார் அமரலாம், யார் வளவின் ஓரத்தில் நிற்கவேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது என்பதையும் நினைவுகூர்தல் வேண்டும். முற்றத்துக் காற்று வீசிய அதே வீட்டில், அடுப்படி மூலையில் புகையினுள்ளே பெண்கள் தம் கண்ணொளியை இழந்தனர். வீட்டின் குளிர்ச்சி ஆண்களும் விருந்தினரும் இருந்த பக்கத்திற்குப் பங்கிடப்பட்டது. அதன் வெப்பம் பெண்களுக்கு விடப்பட்டது.

இவ்வழக்கம் செல்வரோடு நிற்பதுமன்று. எங்கள் வீடு சிறியது. ஆயினும் முன்னறையிலே கண்ணாடி அலுமாரி ஒன்று உண்டு. அதனுள்ளே பூவேலைப்பாடுள்ள பீங்கான் கோப்பைகள் அடுக்கப்பட்டுள்ளன. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதலாக எவரும் அவற்றில் தேநீர் அருந்தியதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் துடைத்து மீண்டும் அடுக்குவார். பின்னர் விளிம்புடைந்த குவளையொன்றில் தாம் தேநீர் அருந்துவார். அக்கோப்பைகள் அழகானவை என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. அவற்றைத் துடைப்பவரே அவற்றில் அருந்துவதற்கு உரிமையற்றவராகத் தம்மை எண்ணிக்கொண்டது எவ்வாறு என்பதே, இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபோது என் முன்னே நின்ற வினாவாகும்.

எனவே அழகை நீக்கிவிட்டுப் பயனை மட்டும் கொள்வோம் எனச் சிலர் கூறக்கூடும். அதுவும் விடையாகாது. அழகென்பது அணுவளவும் கருதப்படாமல், பயனை மட்டும் கருதிக் கட்டப்பட்ட உறைவிடங்கள் இந்நாட்டில் உண்டு. அவை மலையகத் தோட்டங்களின் லயன்கள். ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடியான ஓர் அறையில் ஒரு குடும்பம், முதுகோடு முதுகாய் மறு அறை, சாளரத்துக்கு இடமில்லை. தோட்ட நிருவாகத்துக்கு அவை மிக்க பயனுடையனவாயிருந்தன. குறைந்த செலவில் கூடிய ஆட்களை ஓரிடத்தில் வைத்திருக்க உதவின. இங்கேயும் 'பயன் யாருக்கு' என்னும் வினா கேட்கப்படவில்லை. அத்தகைய அறையின் வாசலிலும் பழைய தகரமொன்றில் பூச்செடி வளர்க்கும் கைகள் உண்டு. அழகு என்பது வயிறு நிறைந்தோரின் பொழுதுபோக்கு என்னும் கூற்றை அப்பூச்செடியே மறுத்துவிடுகின்றது. அழகு அனைவருக்கும் வேண்டியது. அதனாலேயே அதன் சுமையும் நீதியாகப் பகிரப்படவேண்டியது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், அழகுக்கும் பயனுக்கும் இடையே சமநிலை காணல் என்னும் வழக்கமான வாய்பாடு போதாது என்பது புலனாகும். ஒரு மனையின் உள்ளமைப்பை மதிப்பிடும்போது, அது அழகியதா, அது பயன்படுவதா என்னும் இரு வினாக்களோடு மூன்றாவது வினா ஒன்றையும் சேர்த்தல் வேண்டும். இந்த அழகை நாள்தோறும் நிலைநிறுத்துபவர் யார், அவருக்கு இதில் பங்கு உண்டா என்பதே அவ்வினா. வரவேற்பறையின் நடுவிலிருந்து அதற்கு விடை காண்பது அரிது. அடுக்களையின் சாளரம் எத்திசை பார்க்கின்றது, பணிசெய்பவர் களைத்தபோது அமரும் இடம் யாது, துப்புரவு செய்பவரின் கை எட்டாத உயரத்தில் எத்தனை பொருள்கள் உள்ளன என்பவற்றை நோக்கினால் விடை கிடைத்துவிடும்.

கான்ற் கூறியவாறு மாளிகை அழகியதா என்பது வேறு வினாவாகவே இருக்கட்டும். தூரத்தே நின்று பார்ப்பவனுக்கு அது போதுமானது. ஆனால் வீட்டைத் தூரத்தே நின்று பார்ப்பவர் விருந்தினர் மட்டுமே. பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கி, உத்தியோகம் பெற்று, ஒருநாள் நாமும் வீடு கட்டுவோம். அப்பொழுது நம் முன்னே விரிக்கப்படும் வரைபடத்தில், எந்த அறையை மிகச் சிறியதாகக் குறித்திருக்கின்றோம், அதில் வாழப்போகின்றவர் யார் என்பதை ஒருமுறையேனும் நின்று நோக்குதல் நம் கடனாகும். தமிழில் 'வீடு' என்னும் சொல் மனையையும் குறிக்கும், விடுதலையையும் குறிக்கும். ஒருவருக்கு மனையாயிருப்பது இன்னொருவருக்குச் சிறையாகாதிருக்கும் வீட்டிலேதான் அவ்விரு பொருளும் ஒன்றுசேரும்.